எல்லையோர ஊர் இன்ஸ்பெக்டரும் அரிசி கடத்துபவனும் கூட்டு சேர்ந்தால் உண்மையில் என்ன நடக்கும்?

விளவங்கோட்டுக்காரி (கேள்வி)

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. காவல்துறையில் இருந்தவர்களும் வக்கீல்களும் இங்கே வருவதால் கேட்கிறேன்.

கதை நடப்பது குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு சந்தை ஊரில். ஊர்ப்பெயர் மட்டும் கற்பனை, மற்றதெல்லாம் நான் பிறந்து வளர்ந்த மண். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் விருதுநகர் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர். இன்னொருவன் உள்ளூர்க்காரன். ரேஷன் அரிசியை வாங்கிச் சேர்த்து, சாக்கு மாற்றி, கேரளாவுக்குக் கடத்துபவன். அரிசி கேஸும் அடிதடி கேஸும் அவன் மேல் உண்டு. ஒரு பாலிடெக்னிக் பையன் போதை மாத்திரையால் செத்துப்போகிறான். சரக்கு எந்த வழியாக வருகிறதென்று போலீசுக்குப் பிடிபடவில்லை. ஊரம்பு, பளுகல், பனச்சமூடு என்று எல்லையைத் தாண்டும் ஊடுவழி அத்தனையும் தெரிந்தவன் இந்த அரிசிக்காரன். இன்ஸ்பெக்டர் ராத்திரி தனியாக அவன் வீட்டுக்குப் போய், "உன் வண்டியை நான் பார்க்க மாட்டேன், அந்தச் சரக்கு யாருடையதென்று சொல்" என்கிறார்.

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஒரு இன்ஸ்பெக்டர் இப்படி நேரில் போவாரா? வாக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா? இரண்டு பேரும் எதை நினைத்துப் பயப்படுவார்கள்? எனக்கு ரப்பர் தோட்டம் தெரியும், மரச்சீனி விளை தெரியும், ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்று தெரியாது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் பைகளை அம்மாமார் சோதித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அதனால் இதை சினிமாச் சண்டையாக எழுத மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோவாளை வாசகன்

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம். இந்தக் கூட்டு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், வெள்ளைக்காரன் போலீஸ் வரும் முன்பு காவல் முறை இருந்தது. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பார்கள். துப்புச் சொல்கிறவனுக்கும் மாட்டை ஓட்டிப் போனவனுக்கும் தொடர்பு உண்டென்று ஊருக்கே தெரியும், ஆனாலும் மாடு திரும்பி வந்தால் போதும் என்று கொடுப்பார்கள். லண்டனில் ஜோனதன் வைல்ட் என்பவர் இதையே பெரிய தொழிலாக நடத்தினார். திருட்டுப் பொருளை மீட்டுக் கொடுப்பார், தன் சொல் கேட்காத திருடர்களைத் தூக்குமேடைக்கு அனுப்புவார். 1725-இல் அவரையே தூக்கில் போட்டார்கள்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமாக நான் நினைப்பது பாஸ்டன் வழக்கு. எஃப்.பி.ஐ. அதிகாரி ஜான் கான்னலியும் தாதா ஒயிட்டி பல்ஜரும் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள். பல்ஜர் துப்புக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் தன் எதிரிக் கும்பலைப் பற்றி. கான்னலி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், கைது வரப்போகிறதென்று பல்ஜருக்கு முன்கூட்டியே சொல்லித் தப்ப வைத்தார். 2002-இல் கான்னலி குற்றவாளி என்று தீர்ப்பானது, பல்ஜர் 2011-இல்தான் பிடிபட்டான். ஆகவே உங்கள் அரிசிக்காரன் யார் பெயரைச் சொல்வான் என்று யோசியுங்கள். தன் வழியில் குறுக்கே நிற்பவன் பெயரைத்தான் முதலில் சொல்வான்.

ஓய்வுபெற்ற ரைட்டர்

மக்ளே, நான் மாவட்டத்துல மேற்குப் பக்கத்து ஸ்டேஷன்கள்ல ரொம்ப காலம் ரைட்டரா, அதாவது கேஸ் காகிதமெல்லாம் எழுதி வைக்கிற போலீஸ்காரனா இருந்து, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆகி ஓய்வு பெற்றவன். ஸ்டேஷன் பேரு சொல்ல மாட்டேன். ஆளு பேரும் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லுதேன்.

முதல்ல, அந்த ராத்திரிக் காட்சியை மாத்துங்க. புதுசா வந்த ஐயா தனியா ஒரு கடத்தல்காரன் வீட்டுக்குப் போக மாட்டார். அவருக்கு வழியே தெரியாது. ஒரு ஊரைப் பத்தின அறிவு இன்ஸ்பெக்டர் மண்டையில இருக்காது, ரைட்டர்கிட்டயும் பழைய ஏட்டுமார்கிட்டயும்தான் இருக்கும். மேல மூணு நட்சத்திரம் மாறிட்டே இருக்கும், நாங்க அங்கதான் கிடப்போம். அதனால முதல் பேச்சு எப்பவும் ஒரு ஏட்டு மூலமா நடக்கும்.

எங்க நடக்கும்னா, ஸ்டேஷன்லயே நடக்கும். உங்க ஆளு மேல கேஸ் இருக்குன்னு சொல்லுதீங்க. ஜாமீன்ல இருக்கான்னா கன்டிஷன் கையெழுத்துப் போட தினமும் காலையில பத்து மணிக்கு வரணும். வரிசையில நாலைஞ்சு பேரு நிப்பானுவ. கையெழுத்துப் போட்டுட்டுப் போறவனை, "லேய், ஐயா கூப்பிடுதாரு, உள்ள போ"ன்னு சொன்னா யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. அடி வாங்கப் போறான்னுதான் நினைப்பானுவ. இதை விட மறைவான இடம் ஊருல கிடையாது.

அடுத்தது தனிப்பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனிப்பிரிவு காவலர் ஒருத்தர் உண்டு. அவரு இன்ஸ்பெக்டருக்கு ரிப்போர்ட் பண்ண மாட்டார், நேரா நாகர்கோவில்ல எஸ்.பி.க்குப் போகும். யாரு ஸ்டேஷனுக்கு வந்தான், யாரு பின்வாசல் வழியாப் போனான், எல்லாம் அன்னைக்கு ராத்திரியே போயிரும். ஆகவே உங்க இன்ஸ்பெக்டருக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, எஸ்.பி. ஐயாட்ட வாய்மொழியா முன்னாடியே சொல்லி வைக்கணும். இல்லேன்னா தனிப்பிரிவு ஆளையும் கூட்டுல சேர்க்கணும். ரெண்டாவது வழி போனவர்கள் ரொம்ப நாள் அந்த நாற்காலியில இருந்ததில்ல.

"உன் வண்டியை நான் பார்க்க மாட்டேன்"ங்கிற வாக்கை எந்த இன்ஸ்பெக்டராலயும் கொடுக்க முடியாது. ரேஷன் அரிசியை நாங்க மட்டுமா பிடிக்கோம்? குடிமைப்பொருள் குற்றப்புலனாய்வுத் துறை தனியா இருக்கு. வட்ட வழங்கல் அதிகாரிக்க பறக்கும் படை ஜீப்பு தனியா ஓடும். அவங்க பிடிச்சா அரிசி நேரா காப்புக்காடு கிட்டங்கிக்குப் போயிரும், வண்டி கலெக்டர் ஆபீஸ் விவகாரம் ஆயிரும். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அரிசிக்காரனுக்கு இது நல்லாத் தெரியும். அவன் முன்னால பைலட் பைக் விட்டு, ரோடு பார்த்துட்டு வண்டி எடுக்கவன்.

அப்ப அவன் எதைக் கேப்பான்? சின்னச் சின்னதா கேப்பான். "குண்டாஸ்ல போட எழுதிராதீங்க ஐயா." "தம்பி பேரை எஃப்.ஐ.ஆர்.ல சேக்காதீங்க, அவன் கல்ஃப் போகணும், பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்." "பழைய அடிதடி கேஸ்ல ஜாமீனை ரத்து பண்ணப் போகாதீங்க." நம்ம பக்கத்துல வெளிநாடு போறது ஒவ்வொரு வீட்டுக்கும் உயிர்நாடி இல்லையா? ஒரு பையனுக்க பாஸ்போர்ட்டுக்காக ஒருத்தன் எந்தப் பேரையும் சொல்லுவான். நீங்க அந்த இடத்துல நின்னு எழுதுங்க, கதை தானா வரும்.

இன்ஸ்பெக்டர் ஏன் இறங்கிப் போறாருன்னும் சொல்லணும். 2020 ஜனவரியில களியக்காவிளை சோதனைச் சாவடியில எங்க எஸ்.எஸ்.ஐ. ஒருத்தரை ராத்திரி சுட்டுக் கொன்னாங்க. சுட்டவங்களை உடுப்பியில போய்த்தான் பிடிச்சாங்க. அது கடத்தல் கேஸ் இல்ல, வேற விவகாரம். ஆனா அதுக்கப்புறம் எல்லைச் சாவடியில ராத்திரி டியூட்டி நின்ன எங்க எல்லாருக்கும் ஒண்ணு புரிஞ்சுது. கையில லத்தியும் டார்ச்சும் வச்சுட்டு நிக்கோம், வர்ற வண்டியில என்ன இருக்குன்னு தெரியாது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தன் இருந்தா நாலு குடும்பம் பிழைக்கும். நல்ல அதிகாரி ஒருத்தர் அழுக்கானவன்கூட உட்கார்ந்து சாயா குடிக்கதுக்கு இந்த ஒரு காரணம் போதும். இதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன்.

இனி நான் பார்த்த ஒரு ஆளு. ரப்பர் பால் வெட்டிட்டு இருந்தவன், பிறகு ஒரு டெம்போ வாங்கி அரிசிக்கு இறங்கினான். அப்ப இருந்த ஐயா ரொம்ப நேர்மையானவர், ஒருத்தன்கிட்ட சாயா வாங்கிக் குடிக்க மாட்டார். கஞ்சா கேஸ் ஒண்ணுல வழி தெரியாம நின்னப்ப, துப்புக்கு இவனைத்தான் பிடிச்சாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பவே இல்ல. ஐயா ஒரு தேதி கேட்டா இவன் ரெண்டு தேதி சொல்லுவான். இவன் ஒரு உதவி கேட்டா ஐயா பாதிதான் செய்வார். ஆனாலும் வேலை நடந்துச்சு. சரக்கு பிடிச்சாச்சு, பத்திரிகையில போட்டோ வந்துச்சு, ஐயாவுக்கு நற்சான்றும் வந்துச்சு.

அதுக்கப்புறம் தேர்தல் வந்தது. தேர்தல்னா மாறுதல் வரும், தெரியுமில்லா. ஐயா வேற மாவட்டத்துக்குப் போனார். போகும்போது என்கிட்ட, "அவனைப் பாத்துக்கிடுங்க ஏட்டய்யா"ன்னு சொன்னார். புது ஐயா வந்தார். அவருக்கு மேலிடத்துல இருந்து ரவுடிகள் லிஸ்ட்டுல நடவடிக்கை எடுன்னு உத்தரவு. பழைய ஃபைலை எடுத்தா முதல் பேரே இவனுக்க பேரு. நான் அன்னைக்குச் சாயங்காலமே போய்ச் சொன்னேன், ஐயா இவன் நமக்கு உதவி பண்ணினவன்னு. "எழுத்துல என்ன இருக்கு?"ன்னு கேட்டார். எழுத்துல என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. இருந்தா அவன் உயிருக்கு ஆபத்துன்னுதானே எழுதாம வச்சோம்.

அந்த சமயத்துல இவன் காட்டிக்கொடுத்த ஆளுங்களும் ஜாமீன்ல வந்துட்டானுவ. டெம்போவை உடைச்சானுவ, இவனுக்க வலது காலை உடைச்சானுவ. இப்ப பாறசாலையில லாட்டரி விக்குதான். ஐயாவுக்கு மாறுதல் உண்டு மக்ளே, அவனுக்கு மாறுதல் கிடையாது. வீடு அங்க, பெண்டாட்டி பிள்ளை அங்க, இவன் காட்டிக்கொடுத்த ஆளுக்க வீடும் அதே ரோட்டுல நாலு வீடு தள்ளி. உங்க கதைக்கு இதுதான் உயிர்னு நான் நினைக்கேன். இன்ஸ்பெக்டருக்கு வேலை போகுமோங்கிற பயம். அவனுக்கு, ஐயா போயிருவாரோங்கிற பயம்.

குழித்துறை வக்கீல்

மேலே ரைட்டர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சட்டத்தில் அந்த ஆளுக்கு ஏன் எந்த இடமும் இல்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

மன்னிப்பு வழங்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. குற்றத்தில் பங்குள்ளவனை மன்னித்து அரசுத் தரப்புச் சாட்சியாக்குவதை, அதாவது அப்ரூவர் ஆக்குவதை, செய்வது நீதிமன்றம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343. உங்கள் கதை எந்த வருஷத்தில் நடக்கிறதோ அதற்கேற்ற சட்டத்தைப் போடுங்கள், வாசிக்கிற வக்கீல்கள் உடனே கவனிப்பார்கள். அப்ரூவர் ஆக வேண்டுமென்றால் அந்தக் குற்றத்தில் அவனுக்கும் பங்கு இருக்க வேண்டும். உங்கள் அரிசிக்காரன் போதைச் சரக்கில் கை வைக்காதவன் என்றால் அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது.

தகவல் கொடுத்தவர் யாரென்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. இது சாட்சியச் சட்டத்தில் 125, புதிய சட்டத்தில் 131. போதைப்பொருள் சட்டத்திலும் 68-ஆம் பிரிவில் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. நான் நடத்திய வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அந்தத் தாளில்தான். எப்போது தகவல் வந்தது, எப்போது எழுதினீர்கள், எப்போது அனுப்பினீர்கள் என்று குறுக்கு விசாரணை போகும். உங்கள் இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை எழுதும் காட்சியைத் தவறவிடாதீர்கள். "நம்பத்தகுந்த ரகசியத் தகவல்" என்று மட்டும்தான் அதில் இருக்கும். ஒரு மனிதன் மொத்தமாக அந்த மூன்று சொல்லுக்குள் போய்விடுகிறான்.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று எல்லா மாநிலங்களுக்கும் கட்டுப்படும் என்றது. அது சாட்சிகளுக்கு. கூண்டில் ஏறாத தகவலாளிக்கு அதில் இடமில்லை. ஏறினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

குண்டாஸ் பற்றி ஒரு திருத்தம் வேண்டாம், ஒரு விளக்கம். 1982-ஆம் வருஷத்து 14-ஆம் எண் சட்டம் அது. ஆணை போடுவது மாவட்டக் கலெக்டர், ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம், நம் மாவட்டத்து ஆட்கள் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குத்தான் போவார்கள். ஆனால் பரிந்துரை ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. அந்தக் காகிதத்தை இன்ஸ்பெக்டர் எழுதாமல் இருந்தால் போதும், அதுவே அவன் கையில் கிடைக்கும் கூலி. அரிசி கடத்துபவனை கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டம் 1980-இலும் ஆறு மாதம் வரை அடைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்ஸ்பெக்டர் தெரிந்தே குற்றத்தை விட்டுவிட்டார் என்று நிரூபணமானால் அவர் மேலேயே வழக்கு வரும், பழைய தண்டனைச் சட்டத்தில் 217, புதியதில் 255. இன்றைக்கு அவன் கையில் போன் இருக்கிறது. ஒரு தடவை பேச்சைப் பதிவு செய்துவிட்டான் என்றால் யார் யாருக்கு அடங்கியவர் என்பது அன்றோடு மாறிவிடும்.

கருங்கல் அக்கா

நான் எழுத்தாளரும் இல்ல, போலீசும் இல்ல. எங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல இப்படி ஒரு ஆளு இருந்தார், அதனால சொல்லுதேன்.

ஊருக்கு எப்படித் தெரியும்னு யாரும் சொல்லல. எப்பவும் அந்த வீட்டு முன்னால ஜீப்பு வந்து நிக்கும், சத்தம் போடுவாங்க, கூட்டிட்டுப் போவாங்க. ஒரு கட்டத்துல ஜீப்பு வராம ஆயிட்டு. ரெண்டு மாசம் ஜீப்பு வரலேன்னாலே சாயாக்கடையில பேச ஆரம்பிச்சிருவாங்க. அதை மறைக்கணும்னு பிறகு வேணும்னே ஒருநாள் ராத்திரி வந்து அரிசிச் சாக்கைத் தேடுற மாதிரி வீட்டை எல்லாம் கலைச்சுப் போட்டாங்க. அவருக்குத் தெரியும் அது நடிப்புன்னு. அவருக்க மோளுக்குத் தெரியாதே. பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம், பிள்ளை பயந்து நடுங்கிட்டு எங்க வீட்டுலதான் வந்து கிடந்துச்சு.

அவருக்க வீட்டுக்காரி பிறகு சர்ச் திருவிழாவுக்கு வரதையே நிறுத்திட்டா. வந்தா பெஞ்சுல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. அரிசி கடத்தினப்ப இதே ஆளுங்கதான் அவருகிட்ட நன்கொடை வாங்கினாங்க. கடத்தினதை ஊரு மன்னிச்சுது, போலீசுக்குச் சொன்னதை மன்னிக்கல. உங்க கதையில வீட்டுக்காரி ஒருத்தி இருக்காளா? அவகிட்ட அவன் சொன்னானா இல்லையான்னு யோசிச்சு எழுதுங்க. சொல்லலேன்னா அவளுக்கு ஏன் ஊரு முகம் திருப்புதுன்னே தெரியாது.

விளவங்கோட்டுக்காரி

ரைட்டர் ஐயாவுக்கும் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ராத்திரிக் காட்சியை எடுத்துவிட்டேன். கன்டிஷன் கையெழுத்தில் கதையைத் தொடங்குகிறேன். தம்பியின் பாஸ்போர்ட்டும் உள்ளே வருகிறது. வீட்டுக்காரிக்கு ஒரு அத்தியாயம் தனியாகக் கொடுக்கப் போகிறேன், அக்கா. அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லாமல் எப்படி முடித்திருப்பேன் என்று நினைத்தால் பதறுகிறது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி, ஐயா. என் இன்ஸ்பெக்டர் நல்லவர் என்றுதான் எழுத ஆசை. மாறுதல் வரும்போது அவனுக்காக அவரால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஓய்வுபெற்ற ரைட்டர்

உண்டு மக்ளே, கொஞ்சம் உண்டு.

சார்ஜ் ஒப்படைக்கும்போது அடுத்து வர்ற ஐயாகூட ஒரு மணி நேரம் தனியா உட்காரலாம். பல பேரு இதைச் செய்ய மாட்டாங்க. மாறுதல் உத்தரவு வந்த அன்னைக்கே பெட்டியைக் கட்டிருவாங்க, புதுசா வரவரும் போனவரும் முகம் பாக்கதே இல்ல. நல்லவர்னா காத்திருந்து பாப்பார். வாய்மொழியாச் சொல்லுவார். டி.எஸ்.பி.ட்டயும் சொல்லி வைப்பார், ஏன்னா அவரு இன்னும் கொஞ்ச நாள் இருப்பார்.

ரெண்டாவது, அவனுக்க பழைய கேஸ்ல குற்றப்பத்திரிகை போட வேண்டியது இருந்தா, போகும் முன்னாடி நேர்மையாப் போட்டு முடிச்சிட்டுப் போகலாம். கேஸை இழுத்து வச்சா அது அடுத்தவர் கையில கயிறாயிரும். முடிஞ்ச கேஸு கோர்ட்டுக்குப் போயிரும், அவன் வக்கீல் வச்சுப் பாத்துக்கிடுவான். உதவின்னா கேஸை மறைக்கதுன்னு நிறைய பேரு நினைக்காங்க. அவனுக்கு உண்மையான உதவி, கேஸை ஸ்டேஷன் அலமாரியில இருந்து வெளிய அனுப்பதுதான்.

மூணாவது, சொன்ன தம்பி பாஸ்போர்ட்டு. விசாரணை அறிக்கை தன் காலத்திலயே போகும்படி பாத்துக்கிடலாம், அந்தப் பையன் மேல கேஸ் ஒண்ணும் இல்லேன்னா மட்டும். பையன் விமானம் ஏறிட்டா அவனுக்குப் பாதி பயம் போயிரும்.

புது ஐயா வந்த அன்னைக்கு அவரு முதல்ல கூப்பிடுதது ரைட்டரை. ரவுடி லிஸ்ட்டை எடுத்து மேசையில வைக்கச் சொல்லுவார். உங்க ரைட்டர் அந்த ஃபைலை எத்தனாவதா வைக்கான், வைக்கும்போது வாயைத் திறக்கானா இல்லையா, அதை இப்பவே தீர்மானிச்சுக்கிடுங்க. உங்க கதையில அவனுக்கு ஒரு பேரு கொடுங்க.